என் வாயால் நீ ஜெயித்த ஓட்டம்

"தாத்தா, பேசாம நடங்க. பேசினா கிராஃப் தப்பா வரும்."

போன வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் என்னை இப்படி அதட்டினாள். என் பேத்தி வயதுதான் இருக்கும். நெஞ்சில் அங்கங்கே வயர் ஒட்டி என்னை ஒரு மெஷின் மேல் ஏற்றிவிட்டிருந்தாள். காலுக்குக் கீழே கறுப்பு ரப்பர் பட்டை பின்பக்கமாக ஓடுகிறது. நாம் முன்பக்கமாக நடக்க வேண்டும். போய்ச் சேருகிற இடம் என்று ஒன்றும் கிடையாது. டிரெட்மில்லாம். இருதயம் எந்த அழகில் இருக்கிறது என்று அதில் தெரியுமாம். மெஷின் கொஞ்சம் சூடானதும் அந்த ரப்பரிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது பார், அவ்வளவுதான். என் மூக்கு வாலிபனாகிவிட்டது. மற்றதெல்லாம் கிழவனாகவே இருந்தது.

"இது இன்னாம்மா பெரிய புதுசு? நானும் என் தோஸ்தும் இதும்மேல ஓடிக்கீறோம். அப்போ உங்கப்பாவே பொறந்திருக்க மாட்டாரு" என்றேன்.

அவள் நம்பவில்லை. பேசாம நடங்க என்று மறுபடியும் சொன்னாள். யாரைப் பார்த்து என்ன சொல்கிறாள் பார். நீ அங்கே இருந்திருந்தால் வாயைத் திறக்காமல் தோளை மட்டும் குலுக்கிச் சிரித்திருப்பாய்.

நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. எனக்கு எழுதிப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். நீ எட்டாவது வரை போனவன். நான் ஐந்தாவதில் வாத்தியாரின் குடுமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வெளியே வந்தவன். அதிலும் நீதான் முந்தி. உன்மேல் எனக்கு இருக்கிற வயிற்றெரிச்சலை வரிசையாகச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் "ம்" என்று ஒரே எழுத்தில் முடித்திருப்பாய்.

எண்ணூர்ப் பக்கம் அந்தக் கரி யார்டில் நாம் இரண்டு பேரும் பதிலி ஆளாக நின்ற காலம். பெர்மனென்ட் ஆள் வராத அன்றைக்குத்தான் நமக்கு வேலை. காலையில் கேட்டுக்கு வெளியே நின்று, இன்றைக்கு எவனுக்காவது காய்ச்சல் வந்திருக்காதா என்று சாமியை வேண்டிக்கொள்கிற பிழைப்பு. நீ ராயபுரத்து மாதாவை வேண்டுவாய். நான் திருவொற்றியூர் வடிவுடையம்மனை வேண்டுவேன். முக்கால்வாசி நாள் உன் மாதாதான் ஜெயிப்பாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் மழை ஆரம்பிக்கிற நேரத்தில்தான் வெல்ஃபேர் ஆபீசர் நோட்டீஸ் ஒட்டினார். வெளிநாட்டுப் பத்திரிகையில் எதையோ பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி தெரிந்தது. பொங்கல் கழித்து ஒரு பந்தயம். காசிமேட்டுக் கடலில் நீந்தி வரவேண்டும், ஈரத்தோடு சைக்கிள் ஏறி எண்ணூர் போகவேண்டும், அங்கிருந்து யார்டு மைதானத்துக்கு ஓடி வரவேண்டும். ஒரே ஆள் மூன்றையும் செய்ய வேண்டும். நாம் அதற்கு வைத்த பெயர் 'மூணு ரேஸ்'. முதலில் வருகிறவனைக் கம்பெனி விளையாட்டு டீமில் எடுத்துக்கொள்வார்கள். டீமில் எடுத்தால் பெர்மனென்ட். காக்கிச் சட்டை, கேன்டீன் சாப்பாடு, சாகிறவரைக்கும் எவன் காய்ச்சலையும் வேண்டிக்கொள்ளத் தேவையில்லாத வேலை. ஒரே ஒரு இடம்.

நோட்டீசைப் படித்துவிட்டு நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன்.

"நீயும் ஓடுறியா மாமு?" என்று கேட்டாய்.

"பின்ன, உன் வலிக்கிற காலுக்கு எண்ண தேய்க்கவா வந்துகீறேன்?" என்றேன்.

அதற்கப்புறம் நாம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒன்றாகவே பயிற்சி எடுத்தோம். ஒருவன் ஜெயித்தால் மற்றவன் கேட்டுக்கு வெளியேதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒரே தட்டில் நாஸ்டா சாப்பிட்டோம்.

மழை பிடித்துக்கொண்டது. திருவொற்றியூர் ஹைரோடு முழங்கால் தண்ணீர். காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் கட்டுமரம் விடலாம். கடற்கரை மணலை அலை தின்றுவிட்டது. எங்கே ஓடுவது? அப்போதுதான் யார்டில் கரியைச் சுமந்து ஓடுகிற ரப்பர் பெல்ட்டுகளில் அந்தச் சின்ன பெல்ட் நம் கண்ணில் பட்டது. பெரிய பெல்ட்டுக்குக் கரி ஊட்டுகிற குட்டி பெல்ட். ரிப்பேர் பார்த்த பிறகு கரி போடாமல் கொஞ்ச நேரம் சும்மா ஓட்டி, உருளையெல்லாம் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள். மழையில் ரிப்பேர் அடிக்கடி வந்தது. அது போகிற திசைக்கு எதிர்த்திசையில் நாம் ஓடினால், ஓடிக்கொண்டே நின்ற இடத்தில் நிற்கலாம்.

அதை ஓட்டுகிறவர் வண்ணாரப்பேட்டை பாய். நாம் போய்க் கேட்டதும் அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"நான் பாக்கல. பாத்தா மேல சொல்லணும். காதுல கேட்டத மேல சொல்லணும்னு சட்டத்துல இல்ல. நான் திரும்பி நின்னுகிறேன். நிறுத்துற கயிறு என் கையில கீது. உங்க பேச்சு சத்தம் கேட்டுகினே இருக்கணும். பேச்சு நின்னுச்சின்னா எவனோ வுயுந்துட்டான்னு அர்த்தம். கயித்த இஸ்துடுவேன். புரிஞ்சுதா?"

அதுதான் ஏற்பாடு. பாய் சுவரைப் பார்த்து நிற்பார். நாம் பெல்ட்டில் ஓடுவோம். யாராவது ஒருவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நம் இரண்டு பேரில் அது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

பெல்ட் குறுகல். பக்கத்தில் பக்கத்தில் ஓட முடியாது. நீ முன்னால், நான் பின்னால். மழைக்காலம் பூராவும் நான் பார்த்தது உன் குதிகால்தான். அந்தக் குதிகாலின் மேல் எனக்கு இருந்த பொறாமையை என்னவென்று சொல்வது? ஒரு நாளும் அது தடுமாறவில்லை. உருளைக்கும் உருளைக்கும் நடுவில் ரப்பர் தொய்ந்து காலை வாங்கும். எனக்கு வாங்கியது. உனக்கு வாங்கவில்லை. ஆரம்பத்தில் என்ன வேகமோ கடைசியிலும் அதே வேகம். எனக்கு நாக்கு வெளியே தொங்கும்போது உனக்கு அப்போதுதான் நெற்றியில் வியர்வை துளிர்க்கும். உன் அம்மா உனக்கு மட்டும் சென்னாங்குனி இறால் வறுத்துக் கொடுத்தாள் என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். பாய் தன் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தால் உனக்குப் பெரிய துண்டு போனதாகத் தோன்றும். போயிருக்காது. தோன்றும்.

ஆனாலும் அந்த பெல்ட்டின் மேல் எனக்கு ஒரு ஆசை இருந்தது. தரையில் ஓடினால் நீ என்னை விட்டுப் போய்விடுவாய். பெல்ட்டில் எவ்வளவு நன்றாக ஓடினாலும் நீ அங்கேயேதான் இருந்தாக வேண்டும். உன்னைத் தாண்டிப் போக என்னாலும் முடியாது, என்னை விட்டுப் போக உன்னாலும் முடியாது. உலகத்திலேயே நீயும் நானும் சமமாக இருந்தது அந்த ரப்பர் மேல்தான்.

நான் பேசினேன். உன் காது பெரிதாக இருப்பதைப் பற்றிப் பேசினேன். அது காற்றுப் பிடித்து உன்னைப் பாய்மரம் மாதிரி தள்ளுகிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நீ போட்டுப் போகிற சட்டையைப் பற்றிப் பேசினேன். அது உங்கள் அப்பாவுக்கு எடுத்தது, அவருக்கும் பெரிதாக இருந்தது. வியாசர்பாடி குத்துச்சண்டைக்காரன் ஒருவன் மூக்கில் குத்து வாங்கிக்கொண்டு எதிராளிக்கு நன்றி சொன்ன கதையை ஏழெட்டு விதமாகச் சொன்னேன். எல்லாம் உன்னைச் சிரிக்க வைத்து மூச்சை வாங்குவதற்கு. உன் தோள் குலுங்கும். கால் குலுங்காது.

ஒரு நாள் எனக்குக் கடுப்பாகிவிட்டது. நான் பேசிப் பேசி என் மூச்சைச் செலவு பண்ண, நீ சேர்த்து வைத்துக்கொள்கிறாய் என்று தோன்றியது.

"இன்னிக்கு நீ பேசு. எப்ப பாரு நான்தான் கத்தணுமா?" என்றேன்.

"நானா?"

"பின்ன, பெல்ட்டா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். முன்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நீ தொண்டையைக் கனைத்தாய். "அது... வந்து..." என்றாய். அப்புறம் வரவில்லை. உன் குதிகால் முதல் தடவையாக அவசரப்பட்டது. அதை நான் பார்த்தேன். என்னவென்று அப்போது புரியவில்லை. அதற்குள் பாய் கயிற்றை இழுத்துவிட்டார். பெல்ட் டக்கென்று நின்றது. நீ முன்னால் பறந்துபோய்க் கரித்தூளில் மூக்கை வைத்தாய். நான் உன்மேல் வந்து விழுந்தேன்.

பாய் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "எவன்டா செத்தது?"

"யாரும் சாவல பாய். இவன் பேசறதுக்கு வார்த்த தேடிகினு கீறான்" என்றேன்.

நீ கறுத்த மூக்கோடு எழுந்து உட்கார்ந்து, "இன்னா பேசறதுன்னு தெரியல மாமு. நீயே பேசு" என்றாய். மறுநாளிலிருந்து மறுபடியும் நானே பேசினேன்.

பந்தய நாள் வந்தது. வானம் வெளுத்து, கடல் தட்டையாகக் கிடந்தது. படகிலிருந்து குதித்தோம். மீன்காரன் பிள்ளை நீ. தண்ணீர் உன்னைப் பெற்றவள் மாதிரி தாங்கிக் கரையில் விட்டது. நான் எண்ணூர் ஆற்றில் எருமைக்குப் பக்கத்தில் நீந்தப் பழகியவன். உப்புத் தண்ணீரைப் பாதி குடித்துவிட்டுத்தான் கரை ஏறினேன். அதற்குள் நீ சைக்கிளில் போய்விட்டாய். ஆனால் சைக்கிள் என் ஜாதி. பதிலிக்கு நிற்பதற்கு முன்னால் கோலி சோடா பெட்டி கட்டிக்கொண்டு தண்டையார்பேட்டை பூராவும் மிதித்தவன் நான். உன் வண்டியோ உன் மாமன் மீன்கூடை கட்டுகிற வண்டி. ஒரு லாரி கனம். அதன் நாற்றத்துக்கு ஒரு செவலை நாய் காசிமேட்டிலிருந்தே உன்னைத் துரத்திக்கொண்டு வந்தது. அந்த நாயின் வால் எனக்குத் தெரிந்தது. எட்டிப் பிடித்தேன். உன்னைத் தாண்டினேன். தாண்டும்போது உன் முகத்தைப் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

அப்போதுதான் அந்தத் தண்டவாளம் வந்தது. ரோட்டைக் குறுக்கே வெட்டி ஃபேக்டரிக்குள் போகுமே, கூட்ஸ் வண்டி லைன். சோடாக்காரன் எவனும் தண்டவாளத்தை மிதித்துத் தாண்டமாட்டான். ஒரு குலுக்கல் போதும், பாட்டில் வெடித்து முகத்தைக் கிழித்துவிடும். இறங்கி, கேரியரை ஒரு கையால் தாங்கி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும். நான் இறங்கினேன். கேரியரைத் தாங்கினேன். மெதுவாகத் தூக்கி வைத்தேன். கேரியரில் ஒன்றுமே இல்லை. ரோட்டோரம் நின்ற ஜனங்கள் கெக்கெக்கே என்று சிரிப்பதைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. அதற்குள் நீ தடதடவென்று தாண்டிப் போனாய். நாயும் தாண்டிப் போனது. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தது, நாய்.

எண்ணூரில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தபோது நீ இருபது முப்பது கஜம் முன்னால். மற்றவர்கள் எல்லாம் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் பின்னால். முதல் இடம் நம் இரண்டு பேரில் ஒருவனுக்குத்தான். நான் முடிவு பண்ணினேன், இன்றைக்கு ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. என் மூச்சு எனக்கே. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன்.

என்ன ஆச்சரியம், நீ தடுமாறினாய். கண்ணை மூடிக்கொண்டு பாய்வாய், உடனே சோர்வாய், மறுபடி பாய்வாய். மழைக்காலம் பூராவும் பார்த்த அந்தக் குதிகாலா இது என்று இருந்தது. நடுவில் இருந்த தூரம் கரைந்தது. உன் முதுகு கைக்கெட்டுகிற இடத்துக்கு வந்துவிட்டேன். நீ விட்டுவிட்டுப் போக முடியாத இடத்துக்கு. மைதானத்துக் கொடி தூரத்தில் தெரிந்தது. காக்கிச் சட்டையை நான் மனசுக்குள் போட்டே பார்த்துவிட்டேன்.

நீ திரும்பினாய். முகம் வெளுத்திருந்தது.

"மாமு, எதுனா பேசேன்" என்றாய்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன் கால் இத்தனை நாள் என் வாயைக் கேட்டுத்தான் ஓடியிருக்கிறது. நான் உன்னைக் கவிழ்க்கப் பேசிய அத்தனையும் உனக்குத் தாளமாகிவிட்டது. நான் சும்மா இருந்தால் போதும், வேலை எனக்கு. வாயை இறுக்க மூடிக்கொண்டேன். சத்தியமாக மூடிக்கொண்டேன்.

ஆனால் அந்த நாய் இருந்ததே. உன் நிஜாரில் ஒட்டிய மீன் வாசனையை விட மனசில்லாமல், உன் இடது காலுக்குப் பின்னால் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நம்மைவிட ஒழுங்கான வேகத்தில் அது ஓடிவந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம்தான் ஒருத்தன் பேசாமல் இருப்பான்?

"டேய், நான் செகண்டுன்னு நெனச்சிகினு பயப்படாத. செகண்டு உன் காலாண்ட வருது பாரு. நான் தேர்டு. அதுக்கு பெர்மனென்ட் குடுத்தா வாட்ச்மேன் வேல. உனக்கு குடுத்தா அதுக்கு கஞ்சி ஊத்துற வேல" என்றேன்.

உன் தோள் குலுங்கியது. திறந்த வாய் என் வாய், மூடவில்லை. நாய்க்குக் காக்கிச் சட்டை தைப்பது, அதற்கு கேன்டீனில் வரிசை, ஆபீசருக்கு அது வைக்கிற சலாம் என்று போய்க்கொண்டே இருந்தது. உன் குதிகால் பழையபடி ஆனது. கண்ணெதிரே பார்க்கிறேன், பெல்ட் மேல் ஓடுகிற அதே குதிகால், ஆனால் இப்போது கீழே பெல்ட் இல்லை. தரை. நீ போய்விட்டாய். நான் பேசிக்கொண்டே இருக்க, நீ போய்க்கொண்டே இருந்தாய். நாய் பாதியில் ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது. அதனால் நான் செகண்டு.

நல்ல மனசோடு உனக்கு விட்டுக்கொடுத்தேன் என்று எவனாவது சொன்னால் அவன் வாயிலேயே போடுவேன். எனக்கு அப்படியொரு மனசு கிடையாது. டமாசு வந்தது, சொன்னேன். அவ்வளவுதான்.

அன்றைக்கு வயிறு எரிந்தது அதற்காகக்கூட இல்லை. மாலை போட்ட பிறகு ஆபீசர் உன்னிடம், எப்படியப்பா பிராக்டீஸ் பண்ணினே என்று கேட்டார். நீ என்னைக் காட்டி, "அவன் பேசுனான் சார், நான் ஓடுனேன்" என்றாய். மைதானமே சிரித்தது. ஆபீசர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மூன்று மாதம் தொண்டை கிழியப் பேசியவன் நான். ஒரே ஒரு வரி பேசி அன்றைக்குக் கைதட்டல் வாங்கியவன் நீ. வேலையை எடுத்துக்கொண்டாய், சரி. டமாசையாவது எனக்கு விட்டு வைத்திருக்கக் கூடாதா?

அப்புறம் உனக்குக் காக்கிச் சட்டை. எனக்கு இன்னும் கொஞ்ச காலம் கேட்டு வாசல், அதற்கப்புறம் மறுபடியும் சோடா, பிறகு டெம்போ. நீ சட்டை போட்டுக்கொண்டு போவதைக் காலடிப்பேட்டை முனையில் நின்று ஒவ்வொரு நாளும் கேலி பண்ணினேன். பொத்தான் சரியில்லை என்பேன், காலர் தெருவைக் கூட்டுகிறது என்பேன். நீ ஒரு நாளும் வேறு வழியாகப் போனதில்லை. சைக்கிளை மெதுவாக்கி முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போவாய். கடைசிக் காலத்தில் மணலி புதுநகரிலிருந்து பஸ் பிடித்து வந்தும் கேட்டுவிட்டுப் போனாய். அப்போதும் எனக்கு உன் பென்ஷன்மேல் ஒரு கண் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

இப்போது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். நீ போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தப் பந்தயத்தைப் பார்த்தவன் எவனும் இப்போது இல்லை. பாய் போய்விட்டார், ஆபீசர் போய்விட்டார். கடைசி சாட்சி நீ. நீயும் போய்விட்டாய். ஒரு நாள் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து பசங்களிடம் சொன்னேன்: "மூணு ரேஸ்ல ஃபர்ஸ்ட் வந்தவன் நான்." ஒருத்தனும் மறுக்கவில்லை. "தாத்தா, செம்ம" என்றார்கள். ஒருத்தன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

ருசிக்கவில்லையடா. இத்தனை வருஷம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு துரத்திய பொருள் வாய்க்குள் வந்ததும் சப்பென்று இருந்தது. மறுநாள் போய், "நேத்து நான் சொன்னது பீலா. ஃபர்ஸ்ட் வந்தவன் என் தோஸ்து. நான் செகண்டு" என்றேன். நாய், தண்டவாளம், எல்லாம் சொன்னேன்.

அவர்கள் நம்பவில்லை. நான் பெருந்தன்மையாகப் பேசுகிறேனாம். செத்துப்போன சிநேகிதனுக்குப் பேரை விட்டுக்கொடுக்கிறேனாம். "தாத்தாவுக்குத் தங்க மனசு" என்கிறார்கள். எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். இப்போது அந்தத் தெருவில் நான்தான் ஃபர்ஸ்ட். அதைக் கழற்றி வைக்க எனக்கு வழி தெரியவில்லை. எங்கே போனாலும் கூடவே வருகிறது.

நீ ஒரே ஒரு நடை வா. அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார். நிறையப் பேச வேண்டாம். உனக்கு வரவும் வராது. அவன் ஜெயிக்கல, நான்தான் ஜெயிச்சேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ. எனக்கு வயிறு எரியட்டும்.